மழைப் படத்தின் கடைசி ரீல்

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, யாரோடும் முறைத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். ரகசியம் ஒன்றும் இல்லை ஐயா, வெறும் புலம்பல்தான்.

திரைப்படத் திறனாய்வுத் தாளில் போன வருஷம் கோட்டை விட்டேன் அல்லவா? வகுப்பில் உட்கார்ந்த நாளைவிட உன் கேஸுக்காகக் கோர்ட் வராந்தாவில் நின்ற நாள்தான் அதிகம், அப்புறம் எங்கே பாஸாவது! இப்போது இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சை இல்லை, ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. ஒரு படத்தை எடுத்து அலசி, ஆதாரத்தோடு எழுத வேண்டும். இதிலும் விழுந்தால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அச்சகத்தில் அட்டை ஒட்ட ஆள் தேடுகிறார்கள் என்று அப்பா நேற்று யாருக்கோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் மழைப் படத்தை எடுத்திருக்கிறேன். பாதிப் படம் மழையிலேயே ஓடுகிறது என்று நாம் பெயர் வைத்தோமே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற மகன், கல்குவாரி, அடிதடி, ஜெயில். டிவியில் போட்டபோது நீயும் நானும் பாதியிலேயே தூங்கிவிட்டோம்.

இன்னொன்று. கல்லூரியில் நீ கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. என் சிநேகிதி உன்னிடம் ஒரு சங்கு கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். சளி பிடித்தால் அசட்டையாக இருக்காதே.

உன் வாயாடி

ஜூன் 27

என் வாயாடித் தங்கைக்கு,

கப்பல்காரன் எழுதுகிறேன். கை கால் சுகம். கடல் அமைதியாக இருக்கிறது. சங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பித்தான் துளை போடுவதில் நான் புலி. பக்கத்து மிஷினில் தலை நரைத்த ஒருவர், எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’. வாய் ஓய்ந்தால் மிஷின் ஓடும், மிஷின் ஓய்ந்தால் வாய் ஓடும்.

நீ எடுத்திருக்கும் படம் எங்களுக்கு மனப்பாடம். இந்தச் சிறைக்குச் சொந்தமாக இருப்பதே மூன்று நான்கு படப்பெட்டிதான். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, மாற்றி மாற்றி அதையே போடுவார்கள். கதாநாயகன் வசனம் பேசுவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் பேசிவிடுவார்கள். அதனால் என்ன வேண்டுமோ கேள். நான் உள்ளே வந்த பிறகு யாரும் என்னிடம் ஒரு உதவி என்று கேட்டதே இல்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? சாயங்காலத்தில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்? எதிர்வீட்டு மாமாவை விட்டால் அவருக்கு வேறு சிநேகிதர் கிடையாது. நான் குடித்துவிட்டு வேன் ஓட்டிய அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது அந்த மாமாதானே. அந்த வீட்டு அத்தை எப்படி இருக்கிறார்கள்? இதையெல்லாம் எழுது.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 15

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைக்குத்தான் கேடு.

முதல் பிரதி திரும்பி வந்துவிட்டது. எங்கள் பேராசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சிவப்பு மை’. ஏன் என்று இப்போது நன்றாகப் புரிகிறது. “சினிமா சமூகத்தின் கண்ணாடி” என்று ஆரம்பித்திருந்தேன். பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: ‘எல்லாக் கட்டுரையும் கண்ணாடியில்தான் தொடங்குகிறது. உடைத்துப் போடு.’ அதற்குக் கீழே: ‘இது கதைச் சுருக்கம். படத்தை நானும் பார்த்துக்கொள்வேன். நீ என்ன சொல்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்?’

என்ன சொல்வது? முடிவு தெரியாமல் ஒரு படத்தைப் பற்றி என்னத்தைச் சொல்வது! நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு வீடியோ கேசட். அதில் மகன் ஜெயில் அறையில் உட்கார்ந்திருக்கிறான், வெளியே மழை தொடங்குகிறது, அவன் எழுந்து நிற்கிறான், உடனே ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறாள். எந்தப் புண்ணியவானோ மேலே சமையல் நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருக்கிறான். பழைய பத்திரிகை விமர்சனங்களைத் தேடினேன், முடிவைச் சொல்லி ரசிகர்களைக் கெடுக்க விரும்பவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய புத்தகக் கடையில் படத்தின் பாட்டுப் புத்தகமே கிடைத்தது. அதிலும் கதை அந்த ஜெயில் அறை வரைக்கும் வந்து, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிற்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் அண்ணா. கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார்.

நீதான் கதி. கடைசியில் என்ன ஆகிறது? காட்சி காட்சியாக எழுது. காமிரா எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், என்ன சத்தம் கேட்கிறது, எல்லாம் வேண்டும். சீக்கிரம்.

உன் வாயாடி

ஆகஸ்ட் 19

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகமே கேட்க ஆசை. தாமதத்துக்குக் கோபப்படாதே. இந்த மாதம் படம் போடுகிற நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். இங்கே முடிவு இப்படித்தான்:

மகன் சிறையைவிட்டு வந்து தன் தெருவில் நடக்கிறான். மழை. காமிரா அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறது, முகம் தெரியாது. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, அதனால் குனிந்துகொண்டு போகிறான். வீட்டு வாசலில் நிற்கிறான். தட்டவில்லை. தட்டக் கை தூக்கி, தூக்கியபடியே வைத்திருக்கிறான். உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம். கதவு மழையில் ஊறிப் பருத்தது, அடி தரையில் உரசும், கொஞ்சம் தூக்கித்தான் திறக்க வேண்டும். திரையில் முதலில் தெரிவது கதவின் அடியில் ஒரு கை. அப்பாவின் கை. தூக்குகிறது. உரசும் சத்தம். கதவு திறக்கிறது. உள்ளே இருக்கும் வெளிச்சம் இவன் காலில் விழுகிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை, வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அவ்வளவுதான், முடிந்தது.

மாஸ்டர் மூக்கைச் சிந்தினார்.

போன கடிதத்தில் அப்பாவைப் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

அண்ணன்

செப்டம்பர் 5

என் தங்கமான அண்ணாவுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்! உன் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். என் மேஜையில் புத்தகத்தின் மேல் வைத்திருந்தது, தபாலில் வருகிற உன் கடிதம் எப்போதும் அங்கேதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது: இந்தப் படத்தில் மன்னிப்பை யாரும் வாயால் சொல்வதில்லை, அதை ஒரு சத்தம் சொல்கிறது. அந்தக் கதவு உரசும் சத்தம். அதற்கே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். மற்ற காட்சிகளிலும் கதவுகளைத் தேடினேன். குவாரி முதலாளியின் கதவு, ஜெயில் கதவு, ஒன்றுக்கும் சத்தமே இல்லை. பார்த்தாயா!

சிவப்பு மை முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். “நல்லா வந்திருக்கும்மா. ஆனா இந்தக் கடைசிக் காட்சியை நீ எங்க பார்த்தே? ஆதாரம் போடலையே?” என்றார். “ஒரு திரையிடல்ல பார்த்தேன் மேடம்” என்று சொல்லிவிட்டேன். எங்கே, எப்போது என்று அடிக்குறிப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார். சிறைச்சாலைச் சாப்பாட்டுக் கூடம் என்று எழுத முடியுமா? ஏதாவது யோசிக்கிறேன்.

வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நீ நன்றாகத் தூங்கு.

உன் வாயாடி

செப்டம்பர் 21

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே கொஞ்சம் இருமல், பயப்பட ஒன்றுமில்லை.

கட்டுரையில் முடிவைப் பற்றி அவ்வளவு எழுத வேண்டுமா? குவாரிக் காட்சிகள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன. அதைப் பெரிதாக்கி, கடைசியை ஒரு வரியில் முடித்துவிடேன்.

டிசம்பர் கடைசியில் என்னை விடுகிறார்கள். உறுதியாகிவிட்டது. ராத்திரி கடைசி பஸ்ஸில் வரலாம் என்றிருக்கிறேன். அதற்குள் எதிர்வீட்டில் விளக்கை அணைத்திருப்பார்கள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

அண்ணன்

அக்டோபர் 9

அண்ணா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

சிவப்பு மை ஆவணக் காப்பகத்தில் இருக்கும் தன் சிநேகிதிக்கு எழுதி, தணிக்கைக்குக் கொடுத்த வசனப் பிரதியை வரவழைத்துவிட்டார். என்மேல் சந்தேகப்பட்டு அல்ல. என் கட்டுரை பிடித்துப்போய், அதைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று. பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். மகன் சுவரேறித் தப்பிக்கிறான். வீட்டுக்கு வருகிறான். தட்டுகிறான். மறுபடி தட்டுகிறான். ஜன்னலில் அப்பாவின் நிழல் தெரிகிறது. கதவு திறக்கவில்லை. அவன் மழையில் திரும்பிப் போகிறான். ‘வணக்கம்’, படம் முடிந்தது.

“கதவே திறக்கலையேம்மா. ரெண்டு பக்கம் எழுதியிருக்கே, சத்தம் உட்பட!” என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரல் இறங்கிப்போய்விட்டது. இல்லாத ஆதாரத்தை இட்டுக்கட்டினேன் என்று விசாரணைக் குழு வைக்கிறார்கள். நவம்பர் முதல் வாரம். குற்றம் நிரூபணமானால் மறுவாய்ப்புக் கிடையாது. என் தலையில் மண்.

ஏன் அண்ணா? பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வேறு படத்தை எடுத்திருக்க மாட்டேனா? உன்னை நம்பித்தானே போனேன். எல்லாரும் சொன்னபோதும் உன்னை நம்பினவள் நான் ஒருத்திதானே!

உடனே எழுது.

அக்டோபர் 22

தங்கைக்கு,

என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

அந்தப் படம் இங்கே முழுதாக ஓடியதே இல்லை. சுவரேறித் தப்பிக்கிற காட்சி வருவதால் கடைசி ரீலைச் சிறையில் எடுத்து வைத்துவிட்டார்கள். அவன் எழுந்து நிற்பான், விளக்கைப் போட்டுவிடுவார்கள். வரிசையில் அறைக்குத் திரும்பும்போது முடிவை ஒருவர் சொல்ல வேண்டும். அது இங்கே பழைய வழக்கம். அடுத்து யார் விடுதலையாகப் போகிறாரோ அவர் சொல்வார். சமையல்காரர் சொன்ன முடிவில் கதாநாயகன் வழியில் ஒரு கல்யாண வீட்டில் புகுந்து வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். ஒரு லாரி டிரைவர், அவன் தன் மகளுடைய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றதாகச் சொன்னார். அந்தப் படத்தில் மகளே கிடையாது. யாரும் குறுக்கே பேசக் கூடாது, அதுதான் விதி. மாஸ்டர் ஆயுள் தண்டனைக்காரர், அவருடைய முறை வரவே வராது. எல்லார் முடிவையும் கேட்டு வைத்திருக்கிறார்.

ஆகஸ்டில் என் முறை வந்தது. நான் சொன்னதைத்தான் உனக்கு எழுதினேன். ‘இங்கே முடிவு இப்படித்தான்’ என்று எழுதினேன், பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டாய். தெரியாது என்று எழுதக் கை வரவில்லை.

என் பெயரைச் சொல்லிவிடாதே. யாரோ ஒரு கிறுக்கன் சொன்னான் என்று சொல்லித் தப்பித்துக்கொள். கப்பல்காரன் கப்பலிலேயே இருக்கட்டும்.

அண்ணன்

நவம்பர் 10

அண்ணாவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் நின்றதா?

உன் கடிதம் வந்த அன்று மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தேன். அப்பா வேலையிலிருந்து வந்து தட்டினார். எழுந்து போனேன். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வழக்கம்போலக் குனிந்து கதவின் அடியைப் பிடித்துத் தூக்கினேன். உரசியது. கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றேன். தினமும் கேட்கிற சத்தம் அண்ணா. அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை. நம் வீட்டுக் கதவைத்தான் நீ எழுதியிருந்தாய். “என்னம்மா, வழியை விடு” என்றார் அப்பா.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். கிறுக்கன் கதையை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். சிவப்பு மை என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேறு வந்துவிட்டது. “என் அண்ணன் கப்பல்ல இல்ல. ஜெயில்ல இருக்கான். குடிச்சிட்டு வண்டி ஓட்டினான், பக்கத்துல இருந்த எதிர்வீட்டு மாமா செத்துட்டார். இந்த முடிவை அவன்தான் சொன்னான்” என்றேன். வழக்கத்தையும் சொன்னேன். வெளியே என் சிநேகிதி நின்றிருந்தாள், காதில் விழுந்திருக்கும். சங்கைப் பற்றி இனிக் கேட்க மாட்டாள்.

அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு சிவப்பு மை வந்து, “மாசக் கடைசிக்குள்ள மறுபடி எழுது. இந்தத் தடவை உண்மையான ஆதாரத்தோட” என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி ரீல் இல்லாத இடத்தில் பார்க்கிறவர்கள் எதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதுதான் இப்போது என் வாதம். தணிக்கைப் பிரதியின் முடிவு ஒரு பக்கம், சமையல்காரர், டிரைவர், நீ சொன்ன முடிவுகள் மறுபக்கம். அடிக்குறிப்பில் உன்னை என் அண்ணன் என்றே எழுதியிருக்கிறேன்.

அந்தக் கட்டுரையை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அப்பா நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். அடிக்குறிப்பில் விரல் இருந்தது. “அந்தப் படத்துல கதவு திறக்காது. நான் தியேட்டர்ல பார்த்தேன்” என்றார். வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கேட்க முடியாது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாயே, மூன்று கடிதமாக நான் பதில் சொல்லாமல் ஓட்டினேனே, இப்போது எழுதுகிறேன். நீ போன நாளிலிருந்து அவர் உன் பேச்சை எடுத்ததே இல்லை. நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார். சாயங்காலத்தில் யாரோடும் பேசுவதில்லை. எதிர்வீட்டைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதங்களை மட்டும் கீழே போடாமல் என் புத்தகத்தின் மேல் வைக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுத இனி எனக்குத் தெம்பில்லை.

உன் தங்கை

நவம்பர் 24

அன்புத் தங்கைக்கு,

இருமல் நின்றுவிட்டது. உண்மையை எழுதியதற்கு நன்றி. அது எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

நான் வீட்டுக்கு வரவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தவர் ஒருவர் வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார், அங்கே இடம் இருக்கிறதாம். பித்தான் துளை போட்டாவது பிழைத்துக்கொள்வேன். அப்பா ஜன்னலையாவது திறந்து வைத்துக்கொள்ளட்டும். அத்தை என் முகத்தில் விழிக்க வேண்டாம். படத்தின் உண்மையான முடிவும் அதுதானே, அதை எடுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

நீ பாஸாகிவிடு. எனக்கு அது போதும். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம், மனசு மாறிவிடும்.

அண்ணன்

டிசம்பர் 11

அண்ணா,

வேண்டாம் என்றாலும் எழுதுவேன், வாயாடி என்று நீதானே பெயர் வைத்தாய். சுகமாக இரு.

பாஸாகிவிட்டேன். இழுத்துப் பறித்து வாங்கிய பாஸ். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் திருத்தவில்லை. அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சரி போட்டிருக்கிறார். கல்லூரியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. சிநேகிதி மூன்று நாள் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீ வரப்போவதில்லை என்ற கடிதமும் என் புத்தகத்தின் மேல்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை உறை பிரித்திருந்தது. மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. இப்போது நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். “பக்கத்துல இடம் இருக்கா?” என்கிறார். பேனாவைக் கொடுக்கிறேன்.

மகனுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். படத்தில் கதவு திறக்காது, அது சரி. எனக்கு அந்தப் படம் அப்போதே பிடிக்கவில்லை.

நம் கதவைக் கழற்றி அடியை இழைத்துவிட்டேன். இனித் தூக்க வேண்டாம், தள்ளினால் திறக்கும்.

எதிர்வீட்டுக்குப் போய் நீ வருகிற நாளைச் சொன்னேன். அந்த அம்மாள் அழுதார்கள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நீ அவர்கள் முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும். நானும் கூட நிற்பேன்.

ராத்திரி பஸ்ஸில் வராதே. மத்தியான பஸ்ஸில் வா. நிறுத்தத்தில் இருப்பேன்.

அப்பா